பூ விழாத கண்

ஆவுடைத்தாய் கண்ணை மூடிக்கொண்டுதான் உலை வைப்பாள். அரிசி களைவது, கஞ்சி வடிப்பது, கறிக்கு உப்புப் போடுவது எல்லாமே கண்ணை மூடிக்கொண்டுதான். ஆரம்பத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. போகப் போகக் கை பழகிவிட்டது. உப்பு டப்பாவின் கழுத்தில் நூல் சுற்றியிருக்கும், சீனி டப்பாவில் இருக்காது. கட்டிலிலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து பின்வாசலுக்கும், அங்கிருந்து ஆட்டுத் தொழுவுக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருந்தாள். பொழுது அடைந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாட்டம். கூரை வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச பல்பு ஒன்று உத்தரத்தில் தொங்கத்தான் செய்தது. அப்பா செத்த பிறகு அவள் அதைப் போட்டதே இல்லை.

பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். பசுவந்தனையில் அவளைப்போல நிதானமான பொம்பளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கண் இரண்டும் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்று இருந்தன. ஆனால் ஒருநாள் இந்தக் கண் அவிந்துபோகும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். அன்றைக்குக் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போக ஒரு மனுசி இருக்கமாட்டாள் என்பதும் தெரியும். அதனால் முன்கூட்டியே குருடியாக இருந்து பழகிக்கொண்டிருந்தாள். விஷயம் அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஒரு சொல். அதுவும் ஒற்றை எழுத்துச் சொல்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், தை மாசம், சோளக்கதிர் அடிக்கிற காலம். ஆவுடைத்தாய்க்கு அப்போது இருபத்து மூன்று வயது. குளத்தூர் கண்ணபிரானுக்கு நிச்சயம் பண்ணியாயிற்று, வைகாசியில் கல்யாணம். களத்தில் கதிர்ச் சுணை விழுந்து அவளுடைய கண் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். துணைக்குப் பக்கத்து வீட்டு ராஜமணி வந்தாள். அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், ஆவுடைத்தாயின் வயசுக்காரி. வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் தண்ணீருக்குப் போனாலும் ஒன்றாகத்தான் போவார்கள்.

முகாமில் இருந்த டாக்டர் வடக்கே எங்கிருந்தோ வந்த இளவட்டம். மேசைமேல் இருந்த கருவியில் அவளுடைய தாடையை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் ஒரு கீற்று வெளிச்சத்தை விட்டுப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். பிறகு கூட வந்த டாக்டர்களை எல்லாம் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்க. ரெண்டு கண்ணுலயும் பூ தூவின மாதிரி இருக்கு. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!"

அந்தப் பாவி மனுஷன் பொரி என்று சொல்லியிருக்கலாம். நொய் என்று சொல்லியிருக்கலாம். உப்பு என்று சொல்லியிருந்தால் உப்பளத்தில் பிழைக்கிற குளத்தூர்க்காரர்களுக்கு ரொம்பவே பிடித்திருக்கும். ஆனால் பூ என்று சொன்னார். இந்தச் சீமையில் கண்ணில் பூ என்றால் ஒரே அர்த்தம்தான். கருவிழியில் வெள்ளை விழுந்து பார்வை போய்விடுவது. வெளியே வரிசையில் நின்றவர்கள் காதில் அந்த ஒற்றை எழுத்து தேள் கொட்டினதுபோல விழுந்தது.

டாக்டர் அவளிடம் நல்லபடியாகத்தான் சொன்னார். "செவப்புக்குச் சொட்டு மருந்து தர்றேன். இந்தப் புள்ளிங்க பரம்பரையா வர்றது. ஒண்ணும் பண்ணாது. இதுக்கு வைத்தியம் தேவையில்லை."

அடிகுழாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேச்சு உருமாறிவிட்டது. வைத்தியம் தேவையில்லை என்றது வைத்தியமே கிடையாதாம் என்று ஆயிற்று. பரம்பரையா வர்றது என்றது பிள்ளைகளையும் விடாதாம் என்று ஆயிற்று. ஒண்ணும் பண்ணாது என்ற பேச்சு மட்டும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டவே இல்லை. கொண்டுபோனவள் ராஜமணிதான். அவள் கெட்டவள் இல்லை. "பாவம், நம்ம ஆவுடைக்குக் கண்ணுல பூவாம்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டுதான் சொன்னாள். நெஞ்சு தாங்காமல் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லுகிற பேச்சைப்போல வேகமாகப் போகிறது உலகத்தில் வேறு எது இருக்கிறது?

ஆவுடைத்தாயும் ஒண்ணும் பண்ணாது என்றதைக் காதால் கேட்டவள்தான். ஆனால் ஊரே வேறு மாதிரிச் சொல்லும்போது தன் காதை எப்படி நம்புவது? நோயாளியிடம் எந்த டாக்டர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார், தேற்றுவதற்காகச் சொல்லியிருப்பார் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள்.

கண்ணபிரான் நேரில் வந்தான். அந்தமட்டுக்கும் அவனைப் பாராட்டத்தான் வேண்டும். சைக்கிளைத் தொழுவில் சாய்த்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"ஒன்னையக் குத்தம் சொல்லல ஆவுடை. எங்கம்மைதான் வேண்டாம்னு ஒரேயடியா நிக்கா."

"ஊசியக் கொண்டாரேன். ஓங் கண்ணு முன்னால நூலு கோத்துக் காட்டட்டா?"

"இப்பம் தெரியும். பொறவு?"

அவள் ஊசியை எடுக்க உள்ளே திரும்பினாள்.

"பிள்ளைகளுக்கும் வருமாம்லா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன பிரயோசனம்? சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐப்பசியில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. ஆவுடைத்தாயிடம் மிச்சம் இருந்தது அந்தப் 'பொறவு' ஒன்றுதான்.

அப்பா கடற்கரைக் கோனாருக்கு அவள் ஒரே மகள். அம்மா அவளுடைய சின்ன வயசிலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கோனாரின் கண் ஊரே அறிந்த கண். நாலு காடு தள்ளி மேய்கிற ஆட்டைக் கொம்பு வளைவை வைத்தே இன்னார் ஆடு என்று சொல்லுவார். முகாம் போட்ட அன்றைக்கு, "எனக்கென்னத்துக்கு? எங் கண்ணக் காட்டுனா அந்த டாக்டரு வெக்கப்பட்டுப் போவாரு" என்று ஆட்டுக்கிடைக்குப் போய்விட்டார். அவர் மட்டும் அன்றைக்கு மகளோடு வந்து தாடையை வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லாமல் போயிருக்கலாம். அது பிறகு தெரிந்தது.

கல்யாணம் நின்ற பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மறுநாள் விடியற்காலம் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டும்போது, கம்மாய்க்கு மேற்கே அடிவானத்தோரமாக நிற்கிற பனைகளைக் கம்பால் காட்டினார்.

"தாயி, மூணு பனையும் தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"சரி."

அன்றையிலிருந்து ஒருநாள் விடாமல் அதைக் கேட்டார். மழை பெய்து கரிசல் காலோடு ஒட்டிக்கொண்டு வருகிற நாளிலும் கேட்டார், காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் வாசலுக்கு வந்து கேட்டார். அவரால் முடிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

பிறகும் வரன் வராமல் இல்லை. ஓட்டப்பிடாரம் பக்கத்தில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவர், கண்ணைப் பற்றிக் கவலையில்லை என்று ஆள் விட்டார். அப்பாவுக்கு ஆசை. ஆவுடைத்தாய்தான் மாட்டேன் என்றுவிட்டாள். "நான் குருடியாப் போறது எங்கூட போவட்டும். ஒரு பிள்ளையப் பெத்து, அதும் இருட்டுல தடவ நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டாள். பாத்துக்கிட்டு என்று சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் ஆள் விடவில்லை.

டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போய்க் கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? தெரியாமல் இருக்கும்வரைக்கும் ஒரு மூலையில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். அதையும் போய் அணைத்துவிட்டு வர அவளுக்குத் தைரியம் இல்லை. தானாகவே ஆட்களை விட்டு ஒதுங்கினாள். கல்யாண வீட்டில் யாராவது முகத்தைப் பார்த்தால் கண்ணைத்தான் பார்க்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொள்வாள். ராஜமணி தண்ணீருக்குக் கூப்பிட்டபோது, நீ போ, நான் பிந்தி வாரேன் என்றாள். நாலைந்து முறை அப்படிச் சொன்ன பிறகு ராஜமணியும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது வேனில் ஏறிப் போனாள். மிஷினில் உட்காரச் சொன்னார்கள். வேண்டாம் என்று பட்டன் கட்டுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பட்டன் கட்டுவது விரல் வேலை, பழகிவிட்டால் கண் இல்லாமலும் செய்யலாம் என்பது கணக்கு. சுற்றிலும் குமரிகள் கூச்சல் போட்டுக்கொண்டு, ரேடியோப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு தைப்பார்கள். இவள் மூலையில் கண்ணை மூடிச் சட்டைக்குப் பட்டன் கட்டிக்கொண்டிருப்பாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவள்மேல் துணிக்கிழிசலை வீசிச் சிரிப்பார்கள்.

ஊரில் அவளைத் தேடி ஆள் வருவது ஒரே காரியத்துக்குத்தான். வேலிக்காட்டில் யாருக்காவது முள் தைத்துவிட்டால் நேரே அவள் வாசலுக்கு நொண்டிக்கொண்டு வருவார்கள். ஊசி முனையால் தோலை விலக்கி, வலி தெரியாமல் எடுத்துவிடுவாள். எடுத்ததும், வாரேன் ஆவுடை என்று எழுந்து போய்விடுவார்கள். கண் போகப்போகிறவள் என்று தெரிந்தும் இப்படித் தைரியமாகக் காலை நீட்டுகிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். இருக்கிறமட்டும் உபயோகப்படட்டும் என்று நினைப்பார்கள்போல என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் அப்பா போய்விட்டார். கடைசி நாள் காலையிலும் கட்டிலில் கிடந்தபடியே, "தாயி, மூணும்..." என்று இழுத்தார். "தெரியுதுப்பா" என்றாள். அதற்குப் பிறகு கேட்க ஆள் இல்லை. ஆட்டை அவிழ்த்துவிட்டு மேற்கே பார்த்து, "தெரியுது" என்று அவளாகவே வாய்விட்டுச் சொல்லுவாள். பதிலுக்குச் சரி என்று ஒரு குரல் வரவேண்டிய இடத்தில் ஆடு கத்தும். கயிறு கட்டியதும் பல்பைப் போடாமல் விட்டதும் அப்போதிலிருந்துதான்.

ஒருநாள் காலையில் இரண்டு பனைதான் தெரிந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். இரண்டுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள், அப்போதும் இரண்டுதான். வந்துவிட்டது என்று நினைத்தாள். கம்பெனி வேன் வந்து ஆரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அவள் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு, பருத்திக்காட்டை மிதித்துக்கொண்டு மேற்கே நடந்தாள். கிட்டே போகப் போக இரண்டு பனையும் பெரிதாகின. மூன்றாவது நின்ற இடத்தில் ஈரம் காயாத ஒரு அடிமரம் மட்டும் இருந்தது. செங்கல் சூளைக்காரர்கள் முந்தின நாள் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த அடிமரத்தின்மேல் உட்கார்ந்து அவள் சிரிசிரி என்று சிரித்தாள். ஒரு பனை போனதற்குச் சந்தோஷப்பட்ட ஆள் அந்த வட்டாரத்திலேயே அவளாகத்தான் இருக்கும். சிரித்து முடித்ததும், இதை யாரிடம் போய்ச் சொல்லுவது என்று சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டின மட்டும் கறுப்பு மண்தான் கிடந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் அழுதாள்.

இரண்டாயிரத்து ஏழில் நிஜமாகவே வந்தது. அவளுக்கு அப்போது நாற்பது தொடப் போகிறது. பனை தெரிந்தது, பனைக்கு அந்தப் பக்கம் போகிற பஸ்ஸும் தெரிந்தது. ஊசியின் காது தெரியவில்லை. நூலை நீட்டினால் காது இரண்டாகப் பிரிந்து மங்கிப்போனது. கையைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு வாரம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். யாருக்குச் சொல்ல இருந்தது? அந்த வாரம் அவள் தொழுவு வரைக்கும் பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தாள். வராத நாளுக்குப் பயந்து கிடந்ததைவிட வந்துவிட்ட நாளை எதிர்கொள்வது ஒருவகையில் லேசாக இருந்தது. இனிமேல் ஆமாம் என்று சொன்னாலும் சொல்லட்டும் என்று கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள்.

கண் ஆஸ்பத்திரியில் கிருஷ்ணப்ரியா என்ற டாக்டர் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அதேபோலத் தாடையை வைக்கச் சொன்னாள், அதேபோல வெளிச்சக் கீற்று வந்தது. அதேபோலப் பார்த்தபடியே இருந்தாள். ஆவுடைத்தாய் தாடையை எடுக்காமலே கேட்டாள்.

"பூதான டாக்டரம்மா?"

"எந்தப் பூ? உங்களுக்கு வெள்ளெழுத்து. நாப்பது வந்தா எல்லாருக்கும் வரும், எனக்கும் வரும். கண்ணாடி போட்டா ஊசிக்காது பளிச்சுன்னு தெரியும்."

"அது இல்ல. உள்ள பூ இருக்குலா, கண்ணு போயிருமுலா. அந்தக் காலத்துல ஒரு கேம்ப்புல டாக்டரு சொன்னாவ. பூ தூவின மாதிரி இருக்குன்னு."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து அவளை நன்றாகப் பார்த்தாள். "ஐயையோ. அந்தப் புள்ளியச் சொல்லுதீங்களா? பூ விழுதது வேற, இது வேறம்மா. இதனால பார்வைக்கு ஒண்ணுமே செய்யாது. எம்பது வயசானாலும் செய்யாது. இதுக்கு என்ன காரணம்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாலதான் கண்டுபிடிச்சிருக்காவ. ஒரு ஜீன்."

"சீனியா? எனக்குச் சீனி கெடையாதே. போன மாசங்கூட கம்பெனில பாத்தாவ."

"சீனி இல்ல, ஜீன். நம்ம ஒடம்பு எப்படி வேல செய்யணும்னு உள்ளயே எழுதி வச்சிருக்குல்லா, அதுல ஒரு வரின்னு வச்சுக்கிடுங்க. இந்த வரிக்குப் பேரு பி.ஐ.பி. ஃபைவ் கே த்ரீ."

"லாரி நம்பரு மாதிரிலா இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு, பின்னால் ஆள் காத்திருப்பதையும் பார்க்காமல் உட்கார்ந்து சொன்னாள். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் அங்குமிங்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. அந்தப் பைகளின் தோல் ஒரு மாதிரிக் கொழுப்பு. எந்தப் பை எங்கே போய்ச் சேரவேண்டும் என்று அந்தக் கொழுப்பின்மேல் ஓர் அடையாளம் வைத்துவிடுகிற வேலையாள் உண்டு. அந்த வேலையாளை உண்டுபண்ணுகிற வரிதான் இந்த ஜீன்.

"கெடைல ஆட்டுக்குச் சாயம் வைக்க மாதிரியா? பல பேரு ஆடு கலந்து கெடக்கும்போது இது இன்னாரு ஆடு, இந்தப் பட்டிக்குப் போவணும்னு?"

"அதேதான்! நீங்க எனக்கே சொல்லித் தந்திட்டீங்க. அப்பா வழியா ஒண்ணு, அம்மா வழியா ஒண்ணுன்னு அந்த வரி நம்மகிட்ட ரெண்டு இருக்கும். உங்களுக்கு ஒண்ணு பழுது. அதனால பாதி அடையாளந்தான் விழுது. மத்த எடத்துல அது போதும். கருவிழில மட்டும் அங்கங்க சில செல்லுல பை போவ எடம் தெரியாம உப்பிப் போய் நின்னுருதுன்னு நெனைக்காவ. அதான் புள்ளி. அதுக்கு எடையில வெளிச்சம் தாராளமா உள்ள போயிரும்."

"சாயம் வைக்காத ஆடு எந்தப் பட்டிலயும் சேராது டாக்டரம்மா. நடுவுல நின்னு கத்திக்கிட்டே கெடக்கும்" என்றாள் ஆவுடைத்தாய். அவள் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. டாக்டருக்கு அது புரிந்ததா தெரியாது.

"உங்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ யாருக்காவது இது இருந்திருக்கணும். அவியளுக்குக் கண்ணு போச்சா?"

"அம்ம சின்ன வயசுலயே போயிட்டா. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் கழுகுக் கண்ணு."

"அப்பம் அப்பாகிட்ட இருந்தும் வந்திருக்கலாம். அப்படின்னா இதோடயேதான் அவிய கடைசி வரைக்கும் பாத்திருக்காவ."

கருவியில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். ஆவுடைத்தாய் அத்தனை காலமும் தன் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பூ மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். படத்தில் முறத்தில் சிந்தின நொய்போலத் துளித்துளியாகச் சில சாம்பல் புள்ளிகள் கிடந்தன.

"இதுக்கா?" என்றாள்.

"பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வரலாம். வந்தாலும் ஒரு கவலையும் இல்ல. எனக்குப் பாக்கணும்னு ஆசையா இருக்கு, அடுத்த தடவ கூட்டிக்கிட்டு வாங்க. எத்தன பிள்ளைங்க உங்களுக்கு?"

ஆவுடைத்தாய் தன் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கல்யாணம் ஆவல" என்றாள்.

டாக்டர் என்னவோ கேட்க வாயெடுத்தாள். கேட்காமல், கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக் கடையிலேயே கண்ணாடியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. எனக்குக் கண் போகாதாம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. கண்டக்டர் வந்தபோது வாயைத் திறந்தாள். பசுவந்தனை ஒண்ணு என்றுதான் வந்தது. அப்பா இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். மனுஷன் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொழுவுக்குப் பின்னால் போய் நின்று அழுதிருப்பார்.

பாதி வழியில் சந்தோஷம் போய் ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தேடினாள். முகாம் டாக்டர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். கண்ணபிரான் ஊர் சொன்னதைக் கேட்டவன். தேடித் தேடி அவள் மனசு அடிகுழாயடியில் போய் நின்றது. ராஜமணி. மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னாளே, அவள்தான். என் வாழ்க்கையை இப்படிப் பண்ணிவிட்டாயே பாவி என்று இன்றைக்கு அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு இறங்கினாள்.

தேடிப் போக வேண்டிய வேலையே வைக்கவில்லை. பொழுது மசங்குகிற நேரத்தில் ராஜமணியே நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். விறகு வெட்டப் போன இடத்தில் குதிங்காலில் வேலிமுள் ஏறி முறிந்திருந்தது.

"ஏட்டி ஆவுடை, இதப் பாரு. உசிரு போவுது. லைட்டப் போடு, இருட்டுல எப்படிட்டி எடுப்ப?"

ஆவுடைத்தாய் எழுந்து உள்ளே போனாள். அந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று கை அறியாதது ஒன்றுமில்லை. ஸ்விட்சு மட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சுவரெல்லாம் தடவினாள். வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒட்டடைக்கு உள்ளே அகப்பட்டது. இறுகிப்போன ஸ்விட்சைப் பலங்கொண்ட மட்டும் தட்டினாள். தூசி படிந்த பல்பு மஞ்சளாக எரிந்தது.

"என்னட்டி இது, வீட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் கயிறு?"

"கொடி."

"ஒரு துணியக்கூட காணும்" என்று சிரித்துக்கொண்டே ராஜமணி வெளிச்சத்துக்குக் கீழே காலை நீட்டினாள். ஆவுடைத்தாய் பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடியாத்தி, கண்ணாடியா! வாத்திச்சி மாதிரிலா இருக்க. என்ன கண்ணுக்கு?"

இதுதான் சமயம். ஆவுடைத்தாய் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். எனக்குக் கண்ணு போவாதாம் ராஜமணி. கடைசி வரைக்கும் போவாதாம்."

ராஜமணி விழித்தாள். "கண்ணு போவுமா? ஒனக்கா? ஊர்லயே ஒனக்குத்தானட்டி நல்ல கண்ணு, அதுனாலதான எல்லாவளும் முள்ள எடுக்க ஒங்கிட்ட ஓடியாரோம். போவும்னு ஒனக்கு யாருட்டி சொன்னா? எந்தக் கூறுகெட்டவ சொன்னா?"

ஆவுடைத்தாய் அந்த முகத்தையே பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை, மழுப்பல் இல்லை. கண்ணாடி வழியாக ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாகத் தெரிந்தது. ராஜமணி நிஜமாகவே மறந்திருந்தாள். அவள் மட்டுமா? ஊரே எப்போதோ மறந்துவிட்டுத்தான் இத்தனை காலம் காலை நீட்டியிருக்கிறது. அந்த ஒற்றை எழுத்தை நினைப்பில் வைத்துக்கொண்டு இருந்தது ஊருக்குள் ஒரே ஒரு ஆள்தான்.

"யாரோ சொன்னாவ" என்றாள்.

"நல்லாக் கேட்ட போ. அத நெனச்சுக்கிட்டா இப்படி இருந்த? வந்த வரனையும் வேண்டாம்னுட்டு, ஒரு வீட்டுக்கு வராம போவாம... நாங்க ஒனக்குத் தலக்கனம்னுலா நெனச்சுக்கிட்டு இருந்தோம்."

ஆவுடைத்தாய் குனிந்து முள்ளைத் தேடினாள். கண்ணில் நீர் நிறைந்து முள் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தோலை விலக்கி, முறிந்த முள்ளை முழுசாக எடுத்து ராஜமணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏயப்பா, எம்புட்டு நீளம்! வலிக்கவே இல்லட்டி" என்று ராஜமணி எழுந்தாள்.

"இரு. காப்பி போடுதேன்."

"இன்னொரு நாளைக்கு வாரேன். உலையில அரிசியப் போட்டுட்டு வந்துருக்கேன்" என்று சொல்லிவிட்டு ராஜமணி போய்விட்டாள்.

ஆவுடைத்தாய் விளக்கை அணைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் கட்டிலும் அடுப்பும் நூல் சுற்றின உப்பு டப்பாவும் யாரோ ஒருத்தியின் வீட்டுச் சாமான்களாகத் தெரிந்தன. எழுந்து போய்க் கட்டில் காலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். இத்தனை வருஷம் கை இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது, நகத்துக்கு மசியவில்லை. முள் எடுக்கிற ஊசியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு இழையாக நெம்ப ஆரம்பித்தாள்.